திமிங்கிலத்துக்கு ஒரு முன்தகடு

உங்கள் அக்காவின் சத்தப் பெட்டிக்கு அலுமினியத் தகட்டில் முகம் செய்தபோது நீங்கள் இருவரும் சின்ன ஆட்கள். ஒருவர் முதலாம் வகுப்பு, மற்றவர் பாலர் பாடசாலை. நடந்தது உங்களுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். அக்காவிடம் கேட்டால் தன்னுடைய பிழையைச் சொல்லுவாள், என்னுடைய பிழையைச் சொல்லமாட்டாள். அதனால்தான் உங்கள் அப்பா நான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்கேயாவது விளங்காவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள். பாதிக் கதையில் அவளும் இருக்கிறாள்.

சத்தப் பெட்டி என்று நாங்கள் சொல்வதைச் சிந்தசைசர் என்பார்கள். கடையில் விற்கிற கீபோர்ட் மாதிரி அதில் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை கிடையாது. திருப்புகிற குமிழ்கள் இருக்கும், கம்பி செருகுகிற சொக்கெற்றுகள் இருக்கும். மின்சாரத்தை நடுங்க வைத்தால் அது ஸ்பீக்கரில் சத்தமாக வரும். வேகமாக நடுங்கினால் கீச்சுக் குரல், மெதுவாக நடுங்கினால் அடித்தொண்டை. அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன். பழுதாய்ப்போன றேடியோக்களில் கழற்றிய சாமான்களை வைத்து, போனில் பார்த்துப் பார்த்து, அவள் தானாகச் செய்த பெட்டி அது. உள்ளே எல்லாம் ஒழுங்கு. முன்பக்கம்தான் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவின் மூடி.

அது அவள் பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்த வருடம். முடிவு அவள் நினைத்தபடி வரவில்லை. எங்கள் ஊர் கப்பல்துறையில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். "இனி என்ன செய்யப்போறாய் மகள்?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து பேர் கேட்பார்கள். ஞாயிறு பூசைக்குக்கூட அவள் பிந்திப் போய்க் கடைசி வரிசை வாங்கில் இருந்துவிட்டு, முடிய முதல் எழும்பி வந்துவிடுவாள். வெளியே போவதற்கென்று அந்த வருடம் அவள் என்னிடம் கேட்ட முதல் இடம் அந்த நாடக ஒத்திகைதான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சங்கீதம் படிப்பித்த ரீச்சர் நகரில் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார். அந்த முறை பாடசாலைகளுக்குக் கொண்டுபோகச் செய்த நாடகத்தில், ஒரு திமிங்கிலம் வழிதவறி நம்முடைய துறைமுகத்துக்குள் வந்துவிடுகிறது. உள்ளே நல்ல ஆழம். ஆனால் வெளியே போகிற வாய் அதற்குத் தெரியவில்லை. கரையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக அதனோடு கதைக்கிறார்கள். திமிங்கிலத்தை யாரும் காணமாட்டார்கள், குரல் மட்டும்தான் கேட்கும். அந்தக் குரலைத் தன் பெட்டியால் கொடுக்க முடியும் என்று அக்கா ரீச்சருக்குச் சொல்லியிருந்தாள். ரீச்சருக்கும் விருப்பம்தான். போனில் பதிந்த சத்தத்தைப் போட்டால், நடிப்பவர் ஒரு சொல் பிந்தினாலும் திமிங்கிலம் முந்திவிடும். கேட்டுக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

முதல் ஒத்திகைக்கு நானும் கூடப்போனேன். ஐஸ்கிறீம் மூடி எங்களை நன்றாகக் கவிழ்த்தது. அக்கா கம்பியைச் செருகினாள், சொக்கெற் கம்பியோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அதைப் பிடித்து வெளியே இழுத்தால், கை கிட்டப்போன உடனே சத்தம் மேலே மேலே ஓடியது. மீனவராக நடித்தவர் வங்கியில் வேலை செய்கிற ஒரு தம்பி. சிரிப்புக்காரன்.

"தங்கச்சி, இது திமிங்கிலம் இல்ல. முட்டையிடுற கோழி."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், ஆனால் காது சிவந்துபோய் இருந்தது. போகும்போது ரீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தச் சனி விட்டு அடுத்த சனி வாங்கோ பிள்ளை. அண்டைக்கும் இப்பிடி எண்டா நான் போன் சத்தத்தோடதான் போகவேணும். பள்ளிக்கூடங்களுக்குத் திகதி குடுத்திட்டன், இனிப் பின்போட ஏலாது."

பஸ்ஸால் கண்டி வீதியில் இறங்கி நடக்கும்போதுதான் அக்கா சொன்னாள், "இதுவும் சரிவராட்டி எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருவன் அப்பா." அழவில்லை. நாளைக்குக் கடைக்குப் போகவேணும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, "முன்பக்கம் உலோகமா இருக்கவேணும். அப்பதான் அசையாது, கையும் சத்தத்தைக் குழப்பாது" என்றாள்.

உலோகம் என்ற சொல்லைக் கேட்ட உடனே எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. அவள் படித்த கணக்கும் விஞ்ஞானமும் எனக்குத் தெரியாது. சோதனை நேரத்தில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்ததைத் தவிர நான் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் துறைமுகத்தில் அப்போதே பத்தொன்பது வருடமாகக் கப்பல் தகட்டில் துருத் தட்டிப் பெயின்ற் பூசுகிறவன் நான். தகடு என்றால் அது என்னுடைய பக்கம்.

நகரில் அலுமினிய யன்னலும் சோகேசும் செய்கிற கடை ஒன்று இருக்கிறது. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணருடைய கடை, எங்களுக்கு அவர் நானா. திங்கட்கிழமை வேலை முடிந்து அக்காவையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். இரண்டு மில்லிமீற்றர் தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு இருக்குமா என்று கேட்டேன்.

"என்னத்துக்கு அண்ணன்?"

"மகள் ஒரு சத்தப் பெட்டி செய்யிறா. அதுக்கு முன்பக்கம்."

"சத்தப் பெட்டியா? எங்கட வீட்டில ஆறு பெட்டி ஓடித் திரியிது. ரெண்டத் தாறன், கொண்டு போங்க." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "அளவு இருக்கா மகள்?"

அக்கா மட்டையில் வெட்டி வைத்திருந்த மாதிரியைக் கொடுத்தாள். எந்தக் குமிழ் எங்கே, எந்தச் சொக்கெற் எங்கே என்று பதின்மூன்று வட்டம் போட்டிருந்தாள். நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "ஆரு கீறின? நம்மட கடைப் பெடியனுகள் இப்பிடிக் கீறினா நான் யன்னலை ரெண்டு தரம் வெட்டத் தேவையில்ல" என்றார். தகட்டைத் தானே வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காமல் அரத்தால் இழைத்துத் தந்தார். ஒன்று கேட்டதற்கு இரண்டு தந்தார். "ஒண்டு பழகிறத்துக்கு" என்றார்.

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. முதலாவது தகட்டை நான் கெடுத்தேன். கப்பல் தகடு நான் சொன்னபடி கேட்கும், கனமாய் ஒரு இடத்தில் கிடக்கும். இந்த மெல்லிசுத் தகடு அப்படி இல்லை. கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு ட்றில்லை வைத்தேன். துளை முடியப் போகிற நேரம் அது தகட்டைக் கவ்வித் தூக்கிக் காற்றாடி மாதிரிச் சுழற்றியது. என் பெருவிரலில் இன்றைக்கும் இருக்கிற தழும்பு அதுதான். துளையும் வட்டமாக வரவில்லை, முட்டை மாதிரி வந்தது.

"பாத்தீங்களோ, அந்தத் தம்பி சொன்ன கோழி முட்டையிட்டிருக்கு" என்றாள் அம்மா, என் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே.

இரண்டாவது தகட்டை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கினோம். அக்கா ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஆணியால் ஒரு குத்துப் போட்டாள், ட்றில் வழுக்காமல் நிற்பதற்கு. முதலில் சின்னத் துளை, பிறகு கொஞ்சம் பெரிது, பிறகு உருண்டை அரத்தால் சரியான அளவு. ட்றில் நுனிக்கு மண்ணெண்ணெய் ஒரு துளி. அலுமினியம் மெதுமையானது, அரத்தின் பல்லுக்குள் போய் அடைந்துகொள்ளும். அதற்கு அரத்தில் முதலே சுண்ணக்கட்டி பூசவேண்டும். அந்தக் கிழமை உங்களுடைய சுண்ணக்கட்டி காணாமல் போனது என்று நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டீர்கள். எடுத்தது நான்தான்.

செவ்வாயும் புதனும் பின்னேரங்களில் அப்படியே போயின. புதன் இருட்ட முதல் அக்கா எல்லாவற்றையும் வெறும் தகட்டில் பூட்டி, கரண்ட் கொடுத்து, ஒரு குமிழை மெதுவாகத் திருப்பினாள். நான் முதல் தரம் அந்தக் குரலைக் கேட்டேன். நீளமாய், பதிந்து, கீழே போய்க் கொஞ்சம் மேலே வந்தது. குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்கு வயித்துவலி?"

"திமிங்கிலத்துக்கு அம்மா."

"பாவம். ஓமவாட்டர் குடுங்கோ."

கம்பி அசையவில்லை, கை கிட்டப்போனாலும் சத்தம் ஓடவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது போதும் என்று நான் அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் பெட்டி மேடைக்குப் போகப்போகிறது. வடிவாக இருக்கவேண்டும் என்று அவளுக்கும் ஆசை. கருநீலப் பெயின்ற் பூசி, அதன் மேல் எழுத்துகளை ஊசியால் கீறினால் அலுமினியம் வெள்ளையாய் மினுங்கும் என்றாள். குமிழ்களையும் சொக்கெற்றுகளையும் தகட்டிலிருந்து கழற்றி, உள்ளே கம்பியோடு தொங்கவிட்டு, தகட்டை மட்டும் என்னிடம் தந்தாள். "முன்பக்கம் மட்டும் அப்பா. பின்பக்கத்துக்கு ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

அதை நான் நல்லாகக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு லேசு, ஆனால் அது பொய். நான் வேலை முடிந்து களைத்து வருகிறவன் என்று பார்த்துத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் தேநீர் வேண்டாம் என்று யார் சொன்னாலும் ஊற்றித்தானே கொடுப்போம்?

அதோடு, துறைமுகத்தில் நான் படித்த ஒரே பாடம் உப்பைப் பற்றியது. பெயின்ற் படாத ஒரு விரல் இடம் இருந்தால் உப்புக் காற்று அதைத் தேடி வரும். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை எல்லோரும் பூசுவார்கள். பின்பக்கத்தையும், மூலையையும், துளையின் உள்விளிம்பையும் பூசுகிறவன்தான் வேலைக்காரன் என்று எங்களுக்குள் ஒரு கதை. என் பிள்ளையின் பெட்டியை மட்டும் பாதி பூசி விடுவேனா? எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டு, தகரத்தின் அடியில் மிஞ்சியிருந்த மஞ்சள் அடிப்பூச்சு பிறைமரை வாங்கிக்கொண்டு வந்தேன். முன்னும் பின்னும் பிறைமர், முன்னும் பின்னும் நீலம். பதின்மூன்று துளைக்குள்ளும் சின்னத் தூரிகையை விட்டுச் சுற்றினேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒரு விசயத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்துக்குப் போக ஒரு வழி வேண்டும், திரும்பி வர ஒரு வழி வேண்டும். ஐஸ்கிறீம் மூடி இருந்தபோது இரண்டுக்கும் கம்பி இருந்தது; தகடு வந்தபிறகு அக்கா போகிற வழிக்கு மட்டும்தான் கம்பி வைத்திருந்தாள். திரும்பி வருகிற வழி அந்தத் தகடுதான். ஒவ்வொரு சொக்கெற்றின் உலோக உடம்பும் வெறும் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். நடுவே பெயின்ற் வந்தால் வழி அடைபட்டுப்போகும். அடைபட்டால் வருவது இரைச்சல். உப்பு உள்ளே வராமல் நான் கதவு பூட்டினேன். மின்சாரமும் அதே கதவால்தான் வந்துபோனது.

பின்பக்கமும் பூசியதால் காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போயிற்று. மழையும் பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கையில் ஒட்டாமல் வந்தது. வட்டம் கீறுகிற கவராயத்தின் ஊசியை எடுத்து, எழுத்துக் கீற உட்கார்ந்தேன். கை வரவில்லை. கப்பலின் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு எழுத்துப் போடுகிற கை இது. அரிசி அளவு எழுத்து என்றதும் முதல் கோடே வழுக்கி ஓடப் பார்த்தது.

"கப்பலுக்குப் பேர் எழுதுற மனுசன், ஒரு சுருதி எழுத ஏலாம நிக்கிறார். விடுங்கோ இஞ்ச" என்று அம்மா வாங்கிக்கொண்டாள். சுருதி, ஆழம், அலை, காற்று என்று ஒவ்வொரு குமிழுக்கும் கீழே அவள்தான் கீறினாள். ஒரு மூச்சுக்கு ஒரு எழுத்து. அவள் கீறி முடிக்கும்வரை வீட்டில் யாரும் நடக்கக்கூடாது என்று சட்டம். அவ்வளவு வடிவான எழுத்தை நான் எந்தக் கப்பலிலும் கண்டதில்லை.

நான் அதை இரண்டு கையாலும் ஏந்தி அக்காவிடம் கொடுத்தேன். அவள் முன்பக்கத்தைப் பார்த்தாள், எழுத்தை விரலால் தடவினாள், "ஐயோ அம்மா!" என்றாள். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.

"வடிவா இருக்கு அப்பா" என்றாள்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. நான் காலையில் போய்விட்டேன். அக்கா பெட்டியைப் பூட்டினாள், ஆனால் போட்டுப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குத் திருத்த வேலை என்று எங்கள் பக்கம் முழுக்கக் கரண்ட் நின்றுவிட்டது. நட்டுகளை இறுக்கி, பெட்டியைத் துவாயால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தனியாக பஸ்ஸில் போனாள். நான் துறைமுகத்திலிருந்து நேரே மண்டபத்துக்குப் போனேன், தோளில் வேலைப் பையோடு.

மூன்று மணிக்கு ஒத்திகை. ரீச்சர் தகட்டைப் பார்த்து, "இது கடையில வாங்கின மாதிரி எல்லோ இருக்கு" என்றார். மீனவத் தம்பி எழுத்தை வாசித்துவிட்டு, "காற்று எண்ட குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கோ தங்கச்சி, வேர்க்குது" என்றார். நான் சுவரோரம் ஒரு கதிரையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். அக்கா மண்டபத்து ஸ்பீக்கரோடு கம்பியைச் செருகினாள்.

ங்ங்ங்ங் என்று ஒரு இரைச்சல். மண்டபம் முழுக்க. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குமிழைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே இரைச்சல். உள்ளே எங்கேயோ திமிங்கிலத்தின் குரலும் இருந்தது, தண்ணீருக்குள் முக்கிப் பிடித்தது மாதிரி.

"மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சிட்டுது போல" என்றார் மீனவத் தம்பி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

என் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. வீதியில் அவள் சொன்னது காதில் கேட்டது, எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருவன். எனக்கு மின்சாரம் தெரிந்திருந்தால் எழும்பி ஏதாவது செய்திருப்பேன். கதிரையில் இருந்தபடி மாதாவை மட்டும் மன்றாடினேன்.

அக்கா அழவும் இல்லை, ஓடவும் இல்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்தாள். ஒரு முனையைத் தகட்டின் மூலை ஆணியில் பிடித்தாள், மறு முனையை ஒரு சொக்கெற்றில் தொட்டாள். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. எடுத்தாள், ஏறியது. அவள் ரீச்சரிடம் போனாள்.

"என்ர பிழை ரீச்சர். என்ன எண்டு தெரியும். ஒரு மணித்தியாலம் தருவீங்களோ?"

"அஞ்சு மணிக்கு டான்ஸ் கிளாஸ் பிள்ளையள் வந்திடுங்கள்."

"அப்ப நாலரைக்கு முடிப்பன்."

ரீச்சர் மற்றவர்களிடம் திரும்பி, "சரி, திமிங்கிலம் வராத காட்சியை முதல்ல பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக நான் அவரை ஒவ்வொரு ஞாயிறும் மன்றாட்டில் நினைக்கிறேன்.

அக்கா என் முன்னால் வந்து குந்தினாள். "அப்பா, உங்கட சுரண்டியை எடுங்கோ."

துருச் சுரண்டுகிற தகடு அது, என் வேலைப் பையில் எப்போதும் கிடக்கும். எடுத்துக்கொண்டு கேட்டேன், "எங்க துரு?"

"துரு இல்லை. பெயின்ற்."

"பெயின்ற் எங்க பழுதாப்போச்சு?"

"பழுதாகேல்லை அப்பா. அதுதான் பிரச்சினை."

போகிற வழி, வருகிற வழி எல்லாம் அப்போதுதான், இரண்டு நிமிசத்தில், அவள் எனக்குச் சொன்னாள். கேட்டு முடிந்ததும் நான் எழும்பினேன். நடிப்பவர்கள் நடித்துக்கொண்டு இருந்தார்கள், அதைக்கூட யோசிக்கவில்லை.

"ரீச்சர், பிள்ளையின்ர பிழை இல்லை. வேண்டாம் எண்டு சொன்ன இடத்தில நான்தான் பூசினனான்."

"எனக்கு இப்ப பிழை வேண்டாம் அண்ணை. திமிங்கிலம்தான் வேணும்" என்றார் ரீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

திரும்ப உட்கார்ந்து சுரண்டினேன். பத்தொன்பது வருடமாக அதுவரை சுரண்டியிருக்கிறேன், பூசுவதற்காக. நானே பூசி, காய்ந்து ஒரு நாள்கூட ஆகாத நல்ல பெயின்றை அன்றைக்குத்தான் முதன்முதல் சுரண்டினேன். லேசில் வரவில்லை. இப்படி ஒட்டும்படியா பூசினாய் என்று என்னையே மனதுக்குள் ஏசினேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு மோதிர அளவு, வெறும் அலுமினியம் தெரியும்வரை. உள்விளிம்பையும் விடவில்லை. முன்பக்கத்தில் அம்மாவின் எழுத்து இருக்கிறது, சுரண்டி வழுக்கி அந்தப் பக்கம் போய்விடக்கூடாது. அக்கா தகட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றை முடிக்க, அவள் பையிலிருந்த மீற்றரை, மின்சார வழியைச் சோதிக்கிற கருவியை, வைத்துப் பார்ப்பாள். வழி திறந்திருந்தால் அது கீக் என்று கத்தும். கீக் என்றால் அடுத்தது.

மீனவத் தம்பி தன் பங்கு முடிந்ததும் வந்து குந்தி, போன் வெளிச்சத்தைப் பிடித்தார். ஒரு பகிடியும் விடவில்லை. நாலாவது துளையில் மட்டும், "அண்ணை, எங்கட வங்கி யன்னல் கம்பிக்குப் பெயின்ற் பூச உங்களைக் கூப்பிடுறன். முப்பது வருசத்துக்குக் கழராது" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அக்கா மூலை ஆணியைப் பூட்டி, சொக்கெற்றுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். இப்போது இறுக்கும்போதே ஸ்பீக்கர்க் கம்பி செருகியிருந்தது, நாங்கள் கேட்டுக்கொண்டே இறுக்கினோம். முதலாவதில் இரைச்சல் ஒரு படி இறங்கியது. இரண்டாவதில் இன்னொரு படி. ஐந்தாவது நட்டு இறுகியதும் மண்டபத்தில் மேலே ஓடுகிற காற்றாடியின் சத்தம் கேட்டது. அதற்கு முதல் அப்படி ஒரு காற்றாடி ஓடுவதே எங்களுக்குத் தெரியாது.

நாலு இருபத்தைந்து. ரீச்சர் கையைத் தட்டினார். மீனவத் தம்பி மேடையின் நடுவில் போய், கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"ஆர் அங்க?"

அக்கா சுருதிக் குமிழில் ஒரு விரலும் ஆழக் குமிழில் ஒரு விரலும் வைத்திருந்தாள். உடனே பதில் சொல்லவில்லை. காக்க வைத்தாள். பிறகு அந்தக் குரல் கீழே இருந்து வந்தது. தரை வழியாக என் காலுக்கு வந்தது.

"வழி தெரியேல்லையோ?" என்றார் அவர்.

குரல் கொஞ்சம் மேலே ஏறி நின்றது, ஓம் என்பது மாதிரி.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் நாடகத்தில் எழுதியிருக்கவில்லை. உனக்குப் பசிக்குதோ, உன்ர ஆக்கள் எங்க என்று அவர் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனார். அக்கா ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மாதிரிப் பதில் கொடுத்தாள். ரீச்சர் நிறுத்தவில்லை. டான்ஸ் கிளாஸ் பிள்ளைகள் வந்து வாசலில் சலங்கையோடு நின்றுவிட்டார்கள், உள்ளே வரவில்லை, அவர்களும் கேட்டார்கள்.

முடிந்ததும் ரீச்சர் பைலைத் திறந்து ஒரு தாளில் எதையோ எழுதினார். "புதன் மூண்டரைக்கு. பிந்தாதேங்கோ" என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

அந்தப் பெட்டிக்குப் பிறகு நாங்கள் ஏழு தகடு செய்துவிட்டோம். பின்பக்கத்தில் சொக்கெற் தொடுகிற இடங்களை இப்போது நான் பூசுவதில்லை. நட்டை இறுக்கிய பிறகு ஓரத்தில் கொஞ்சம் வசலின் தடவுவோம், உப்புக்கு அது போதும். செய்து பார்க்க உங்களுக்கும் ஆசை வந்தால், பலகைக்கு நடுவே தகட்டை இறுக்காமல் ட்றில்லைத் தொடவேண்டாம். மற்றதெல்லாம் பழகலாம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. பெட்டி அவளுடைய மடியில். நான் கேட்டேன், "வெள்ளிக்கிழமை பின்பக்கத்தைப் பாத்தனீங்கள்தானே. அப்பவே ஏன் சொல்லேல்லை?"

"நட் இறுகேக்க பெயின்றைக் கடிச்சுக்கொண்டு போகும் எண்டு நினைச்சன்."

"வேற?"

அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்கள் நிண்ட மாதிரியைப் பாத்து எனக்குச் சொல்ல மனம் வரேல்லை."

நான் செய்த பிழையை எனக்குத் தெரியாமல் தன்னுடைய பொறுப்பில் எடுத்து, மடியில் வைத்து, அந்த மண்டபம்வரை தனியே கொண்டு போயிருக்கிறாள். "இனிமேல் சொல்லவேணும் மகள். எனக்கு முகத்துக்கு நேர சொல்லவேணும்" என்றேன். "ஓம் அப்பா" என்றாள். அன்றிலிருந்து சொல்லுகிறாள். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லுகிறாள். அதற்கும் நான் நன்றிதான் சொல்லவேண்டும்.

சீனன்குடா தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ரீச்சர் அந்தத் தாளில என்ன எழுதினவ எண்டு கண்டீங்களோ?"

நான் கண்டிருந்தேன். நடிப்பவர்களுடைய பெயர்ப் பட்டியல் அது. திமிங்கிலம் என்று போட்டு எதிரே வெறுமையாய் இருந்த இடத்தில் அவளுடைய பெயரை எழுதும்போது நான் ரீச்சரின் தோளுக்குப் பின்னால்தான் நின்றேன்.

"இல்லையே மகள். என்ன எழுதினவ?" என்று கேட்டேன்.

அவள் பெட்டியை என் மடிக்கு மாற்றி வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.